ஹாஸ்கலை நம்பி வாழ்க்கைத் தொழிலை அமைத்துக்கொள்ளலாமா? பெய்டன் ஜோன்ஸின் நாற்பதாண்டுகளை முன்வைத்து ஒரு விவாதம்

பேட்டை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நெல்லையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திய, ஹாஸ்கல் என்ற நிரல்மொழிக்கான பாடத்தை விடுமுறையில் முழுவதும் கேட்டேன். அதன்பிறகு சி, ஜாவா நிரல்களை எழுதும்போதுகூட, ஒரு மாறியின் மதிப்பை இடையில் யார் மாற்றினார்கள் என்று தேடிக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலையாகவே படுகிறது.

சென்னையில் உள்ள ஒரு சேவை நிறுவனம் வளாகத் தேர்வில் என்னை எடுத்திருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு சிறிய நிரல்மொழிக்கு இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து அப்படியே இயக்கும் மென்பொருள்) எழுத விரும்புகிறேன். வழிகாட்டும் பேராசிரியரோ வருகைப்பதிவு ஆப் ஒன்றைச் செய்தால் போதும் என்கிறார். வீட்டில் அப்பா, "இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஹாஸ்கல் என்றாலே, அதை வளர்த்தவர்களில் முதன்மையான சைமன் பெய்டன் ஜோன்ஸ் என்ற பெயர் வந்துவிடுகிறது. விருதுகளின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. ஆனால் ஃபங்ஷனல் புரோகிராமிங் (மாறிகளின் மதிப்பை இடையில் மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் முறை) ஒன்றையே பிடித்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஒருவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார், அதில் நம் ஊரிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பயன்படக்கூடியது எது என்பதை விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சேரன்மகாதேவி_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி, மகளே. கல்லூரியில் கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெய்டன் ஜோன்ஸ் தொழிலுக்குள் வந்த காலத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1977இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பெற்ற ஜான் பேக்கஸ், தாம் உருவாக்கிய ஃபோர்ட்ரானும் அதன் வழிவந்த மொழிகளும் நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதிலேயே நிரலாளரின் அறிவைச் செலவழிக்கின்றன என்று விருது உரையிலேயே சொன்னார். அந்தத் துறையின் மூத்தவர் ஒருவரே தாம் கட்டியதைக் குறைகூறியது அன்றைய இளைஞர்கள் பலரை ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் பக்கம் இழுத்தது. 1958இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பெய்டன் ஜோன்ஸ், கேம்பிரிட்ஜில் படிப்பை 1980இல் முடித்துவிட்டு, சிறிது காலம் தொழில்துறையில் இருந்து, 1983இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் அவரிடம் இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: சோம்பல் மதிப்பீடு உள்ள ஒரு மொழியைச் சாதாரணக் கணினியில் வேகமாக ஓட வைப்பது. சோம்பல் மதிப்பீடு என்றால், ஒரு கணக்கின் விடை தேவைப்படும் வரை அந்தக் கணக்கைப் போடாமல், "இதை இப்படிப் போட வேண்டும்" என்ற குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது. எழுதுகிறவருக்கு இது சுகம். முடிவில்லாத பட்டியலைக்கூட எழுதிவிட்டு முதல் பத்தை மட்டும் கேட்கலாம். இயந்திரத்துக்கோ பெரும் சுமை, ஏனென்றால் போடாத கணக்கின் குறிப்புகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட மொழிகளுக்கென்று தனிக் கணினியையே கட்டிவிடலாம் என்று 1980களில் பல குழுக்கள் நம்பின. பெய்டன் ஜோன்ஸும் லண்டனில் கிரிப் என்ற பெயரில் அப்படி ஓர் இணைச்செயல் இயந்திரத்தில் உழைத்தார். ஆனால் கடையில் கிடைத்த சாதாரணச் சில்லுகள் ஆண்டுதோறும் வேகம்பெற்று அந்தத் தனிக் கணினிகளையெல்லாம் தேவையற்றவையாக்கின. கற்றுக்கொண்டதை வீணாக்காமல் அவர் சாதாரணச் சில்லுக்கே திரும்பினார். ஸ்பைன்லெஸ் டேக்லெஸ் ஜி மெஷின் என்று அவர் வகுத்து 1992இல் விரிவாக எழுதிய முறைதான் இன்றும் ஹாஸ்கல் கம்பைலரின் வயிற்றுக்குள் இருக்கிறது.

1987இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஃபங்ஷனல் மொழிகளை எப்படிச் செயல்படுத்துவது என்ற அவருடைய நூல் வெளிவந்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த ஆய்வாளர்கள், ஏறக்குறைய ஒரே சாயலில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மொழிகளை ஆளுக்கொன்றாக வளர்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் பரவவில்லை என்று கண்டு, பொதுமொழி ஒன்றுக்குக் குழு அமைத்தார்கள். ஹாஸ்கல் கறி என்ற தருக்கவியலாளரின் பெயர் அந்த மொழிக்கு வைக்கப்பட்டது. முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அந்த வேளையில் அவர் கிளாஸ்கோவுக்குப் போய்ப் பேராசிரியராகிவிட்டார். அங்கே தொடங்கப்பட்டதால்தான் ஜிஎச்சி எனப்படும் கிளாஸ்கோ ஹாஸ்கல் கம்பைலருக்கு அந்தப் பெயர். 1998இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கும், 2021இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும் மாறினார். அங்கே வெர்ஸ் என்ற புதிய மொழியில் வேலை பார்த்தார். இடம் மூன்று முறை மாறியது, ஆனால் ஜிஎச்சியை அவர் கைவிடவில்லை.

இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி 1990க்கும் 1996க்கும் இடைப்பட்டது. அறிக்கை வெளிவந்தபோது ஹாஸ்கலில் ஒரு கோப்பைத் திறந்து படிப்பதுகூட அவலட்சணமாக இருந்தது. எதையும் மாற்றாத மொழி வெளியுலகத்தில் எப்படி எழுதும் என்பதற்கு அவர்களிடம் ஒழுங்கான விடை இல்லை. யூஜினியோ மோஜி என்ற இத்தாலியர் நிரல்மொழிகளின் பொருளை விளக்குவதற்காகக் கையாண்ட மோனாட் என்ற கணிதக் கருத்தை, நிரல் எழுதும் கருவியாகவே பயன்படுத்தலாம் என்று ஃபிலிப் வாட்லர் கண்டார். வாட்லரும் பெய்டன் ஜோன்ஸும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, உள்ளீடு வெளியீட்டை அந்த வழியில் செய்து காட்டியது. 1996இல் அது மொழியின் பகுதியாயிற்று. சிக்கல் தீராத நிலையிலும் மொழியின் தூய்மையை விட்டுக்கொடுக்காமல் காத்திருந்தார்கள். வேறு குழுவாக இருந்திருந்தால், பயனர்களின் நெருக்கடிக்குப் பணிந்து கிடைத்த ஒட்டைப் போட்டு வெளியிட்டிருக்கும் என்பது என் கருத்து.

ஜங்ஷன்_காரன் எழுதியது:

வாத்தியாரையா எழுதியதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று யோசிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பட்டம், பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் நிரந்தரப் பதவி, அதன்பிறகு உலகிலேயே பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் ஆய்வகம்: இத்தனை தூண்கள் தாங்கியபோது ஒருவர் ஆறு ஆண்டுகள் காத்திருக்கலாம். பாளையங்கோட்டையில் கல்விக்கடனை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க முடியாது.

நான் இருபது ஆண்டுகளாக மென்பொருள் துறையில் ஆளெடுக்கிறவன். ஹாஸ்கல் தெரியும் என்று எழுதியிருந்ததற்காக ஒருவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் தெரியாததற்காகத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறது. முதலில் கால் ஊன்றட்டும். பிறகு விருப்பம்போல் படிக்கட்டும்.

கடையநல்லூர்_பெங்களூரு எழுதியது:

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நானே சாட்சி என்பதால் எழுதுகிறேன்.

பெங்களூரில் பணப்பரிவர்த்தனை மென்பொருள் எழுதும் குழு ஒன்றில், ஹாஸ்கலில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் இப்படிப்பட்ட இடங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும் என்பது உண்மை. ஜஸ்பே நிறுவனம் ஹாஸ்கலைப் பெரிய அளவில் பயன்படுத்துவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் இந்தத் தொழிலுக்கு அந்த மொழி என்று கேட்டால், விடை கவர்ச்சியில் இல்லை, அன்றாட வேலையில் இருக்கிறது.

ஒரு பணப்பரிவர்த்தனை தொடங்கியது, வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறது, வெற்றி, தோல்வி என்று நான்கு நிலைகளில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிபெற்றதற்கு மட்டுமே வங்கியின் குறிப்பு எண் இருக்கும். அதற்கு மட்டுமே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பல இடங்களில் இதை எப்படி எழுதுகிறார்கள்? நிலை என்று ஒரு எழுத்துச்சரம், குறிப்பு எண் என்று வெறுமையாகவும் இருக்கக்கூடிய ஒரு புலம், பிறகு எங்கு பார்த்தாலும் "நிலை வெற்றியா, எண் காலியாக இல்லையா" என்ற சோதனைகள். ஒரு சோதனையை மறந்தால், காத்திருக்கும் பரிவர்த்தனைக்குப் பணம் திரும்பிவிடும்; பின்னர் வங்கி தோல்வி என்று சொல்லும்; வணிகருக்குக் கையில் நஷ்டம். ஹாஸ்கலில் நான்கு நிலைகளையும் நான்கு வடிவங்களாக ஒரே வகையில் வரையறுத்து, குறிப்பு எண்ணை வெற்றி என்ற வடிவத்துக்குள் மட்டும் வைத்துவிடுவோம். திருப்பித் தரும் ஃபங்ஷன் அந்த எண்ணைக் கேட்கும். காத்திருக்கும் பரிவர்த்தனையிடம் கொடுக்க எண்ணே கிடையாது என்பதால், அந்தத் தவறான நிரல் கம்பைல் ஆகாது. அடுத்த ஆண்டு ஐந்தாவதாக ஒரு நிலை வந்தால், அதைக் கவனிக்காத ஒவ்வோர் இடத்தையும் கம்பைலர் வரி எண்ணோடு எச்சரிக்கும். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வருவது இதனால் எவ்வளவு குறைந்தது என்பதை என் மனைவியிடம் கேட்டால் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த யோசனைகள் ஹாஸ்கலுக்குள் அடைந்து கிடக்கவில்லை. ஒரே நிரலைப் பல வகைத் தரவுகளுக்கும் பயன்படுத்த உதவும், வாட்லர் பங்கேற்று உருவான ஜெனரிக்ஸ்தான் 2004இல் ஜாவா 5இல் வந்தது. பெயர் வைக்காமலே ஒரு ஃபங்ஷனை எழுத உதவும் லாம்டாவை ஜாவா 8 சேர்த்தது 2014இல். பெருந்தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கிடும் முறையான கூகுளின் மேப்ரெடியூஸ் பற்றிய கட்டுரை, தன் கருத்து லிஸ்ப் முதலிய ஃபங்ஷனல் மொழிகளிலிருந்து வந்தது என்று தானே சொல்கிறது. ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்டது. ஆகவே தங்கைக்குக் கிடைத்திருக்கும் சேவை நிறுவனத்திலேயே ஸ்பார்க், டைப்ஸ்கிரிப்ட், கோட்லின் என்று எதைக் கையில் கொடுத்தாலும், இந்தப் படிப்பு முதல் வாரத்திலிருந்தே உதவும்.

ஜங்ஷன்_காரன் எழுதியது:

அப்படியானால் ஹாஸ்கலைப் படிப்பது வேறொன்றில் கெட்டிக்காரராவதற்குத்தான் என்று ஆகிறது. நான் சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

மேலப்பாளையம்_ஆய்வாளர் எழுதியது:

ஏறக்குறைய அதுவே அல்ல, அண்ணாச்சி. எர்லாங் என்ற ஃபங்ஷனல் மொழியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜோ ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1986இல் தொடங்கிய மொழி அது. 1998இல் அதே நிறுவனம் புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. அந்த ஆண்டிலேயே மொழி, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. ஆம்ஸ்ட்ராங்கும் வேறு சிலரும் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் வாட்ஸ்அப் தன் சர்வர்களை எர்லாங்கில்தான் கட்டியது. 2012இல் ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அந்தக் குழு அறிவித்தது. ஆம்ஸ்ட்ராங் 2004இல் எரிக்சனுக்கே திரும்பியும் வந்தார். ஒரு நிறுவனம் வேண்டாம் என்றதால் அவருடைய அறிவு செல்லாக்காசாகிவிடவில்லை.

இப்போது மாணவிக்கு. பெய்டன் ஜோன்ஸிடம் முனைவர் பட்டம் இல்லை, எம்எல் என்ற ஃபங்ஷனல் மொழியைத் தந்து 1991இல் டியூரிங் விருது பெற்ற ராபின் மில்னரிடமும் இல்லை என்பதை நம் பையன்கள் ஆர்வமாக மேற்கோள் காட்டுவார்கள். அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் துறையே புதிது. பட்டம் இல்லாமலும் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. இன்று நிரல்மொழி ஆய்வுக்குள் நுழைய முனைவர் படிப்பு ஏறக்குறையக் கட்டாயம். அதற்குக் கடல் தாண்டியே ஆக வேண்டும் என்பதில்லை. 2022 டிசம்பரில் வெளியான ஓகேமல் 5, செயலியின் பல உள்ளகங்களில் (கோர்களில்) ஒரே நேரத்தில் ஓடும் திறனை அந்த மொழிக்குத் தந்தது. அந்தப் பல்லாண்டு உழைப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான கே. சி. சிவராமகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் பேராசிரியர். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது போய்ச் சேரும் தூரத்தில், உலகம் பயன்படுத்தும் கம்பைலர் ஒன்றில் வேலை நடக்கிறது. கேட் தேர்வு எழுதி அங்கே எம்எஸ் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிப்பது ஒரு வழி. வேலையில் சேர்ந்து கடனை அடைத்துக்கொண்டே ஜிஎச்சியிலோ ஓகேமலிலோ சிறிய பிழைகளைத் திருத்தி அனுப்புவது இன்னொரு வழி. இரண்டுமே திறந்த மூலம். திருத்தம் அனுப்புகிறவரின் கல்லூரி எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, ஆனால் திருத்தத்தை வரிவரியாகப் பார்ப்பார்கள். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் நடுங்கும்.

ஆய்வுக்கட்டுரை எழுதுவது பற்றிப் பெய்டன் ஜோன்ஸ் பல இடங்களில் நிகழ்த்திய உரை இணையத்தில் இருக்கிறது. ஆய்வை முடித்துவிட்டுக் கட்டுரை எழுதாதீர்கள், கட்டுரையை எழுதத் தொடங்குங்கள், என்ன புரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும் என்பது அதன் சாரம். புராஜெக்ட் அறிக்கைக்கும் அது பொருந்தும்.

அம்பை_கணக்கர் எழுதியது:

வாத்தியாரையாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் சில அரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்த இழையில் லாம்டா என்ற சொல்லைப் பார்த்ததும், எக்செலில் நான் பயன்படுத்துவதும் இதுதானோ என்ற ஐயத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கார் பருவ நெல் அறுவடை ஆகிற நாட்களில் மழையும் சேர்ந்துகொள்ளும். நெல் ஈரத்தோடுதான் வரும். பதினேழு சதவீத ஈரம் வரை கழிவு இல்லை; அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒரு சதவீதம் கழிப்பது என்று ஓர் ஆலையில் வழக்கம். ஆறாயிரம் கிலோ அம்பை 16 நெல் பத்தொன்பது சதவீத ஈரத்தோடு வந்தால், நூற்றிருபது கிலோ கழித்து 5,880 கிலோவுக்குப் பணம். இந்தக் கணக்கு அந்த ஆலையின் தாளில் நானூறு வரிகளுக்கு மேல் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. பருவத்தின் நடுவில் முதலாளி வரம்பைப் பதினெட்டாக உயர்த்தினார். அங்கிருந்த எழுத்தர் வரிகளை மாற்றினார். வடிகட்டி போட்டு மறைத்து வைத்திருந்த வரிகள் மட்டும் பழைய வரம்பிலேயே நின்றுவிட்டன. வீரவநல்லூர் விவசாயி ஒருவர் தம்முடைய இரண்டு சிட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே களத்து நெல்லுக்கு ரெண்டு கழிவா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதன்பிறகு அங்கே நான் வேறு விதமாகச் செய்திருக்கிறேன். எடையையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு நிகர எடையைத் தருகிற ஒரு சூத்திரத்தை லாம்டாவாக எழுதி, நேம் மேனேஜரில் ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட்டேன். எல்லா வரிகளும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகின்றன. வரம்பு மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இதற்கும் நீங்கள் பேசுகிற பெய்டன் ஜோன்ஸுக்கும் தொடர்பு உண்டா?

சேரன்மகாதேவி_வாத்தியார் எழுதியது:

நேரடித் தொடர்பு உண்டு, ஐயா. உங்கள் கேள்வி இந்த விவாதத்தின் மையத்துக்கே போய்விட்டது.

எக்செல் சூத்திரம் ஒவ்வொன்றும் ஃபங்ஷனல் நிரல்தான். கட்டத்தின் மதிப்பு மற்றக் கட்டங்களிலிருந்து கணக்கிடப்படுகிறது, சூத்திரம் வேறு எதையும் இடையில் மாற்றுவதில்லை. உலகில் மிக அதிகமானவர்கள் எழுதும் நிரல்மொழி எக்செல்தான் என்று பெய்டன் ஜோன்ஸ் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். ஆனால் எந்த நிரல்மொழியிலும் முதலில் கற்றுத்தரப்படும் வசதி அப்போது அதில் இல்லை: பயனரே சூத்திரங்களைக் கொண்டு புதிய ஃபங்ஷன் ஒன்றை வரையறுக்க முடியவில்லை. வேண்டுமானால் விஷுவல் பேசிக்குப் போக வேண்டியிருந்தது. 2003இல் ஆலன் பிளாக்வெல், மார்கரெட் பர்னெட் ஆகியோருடன் சேர்ந்து, கணக்கர் போன்ற பயனர் எப்படி யோசிப்பார் என்பதிலிருந்து தொடங்கி இந்தக் குறையைத் தீர்க்கும் வழியை அவர் எழுதினார். லாம்டாவை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2020 டிசம்பரில். இடையில் பதினேழு ஆண்டுகள். அலோன்சோ சர்ச் 1930களில் லாம்டா கால்குலஸை வகுத்ததிலிருந்து எண்ணினால் எண்பது ஆண்டுகளுக்கு மேல்.

ஜங்ஷன்காரர் சொன்ன தூண்களை நான் மறுக்கவில்லை. அந்த ஆய்வகம் இல்லையென்றால் பதினேழு ஆண்டுகள் ஒரு கருத்தை அடைகாத்திருக்க முடியாது. ஆனால் பெய்டன் ஜோன்ஸின் வாழ்க்கையை ஹாஸ்கல் வேலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது பொருந்தாது என்பதற்கு அம்பாசமுத்திரத்து ஆலைத் தாளே போதுமான சான்று. "எப்பாடுபட்டேனும் வெற்றியைத் தவிர்ப்போம்" என்ற பொருளில் ஹாஸ்கல் குழுவினரிடம் அரைவேடிக்கையான ஒரு முழக்கம் உண்டு. மொழி சீக்கிரம் பரவிவிட்டால் பிறகு அதைத் திருத்தவே முடியாது என்பது அதன் உட்கருத்து. பரவாமல் இருந்த அந்த ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தவை பின்னர் மற்ற மொழிகளுக்கும் எக்செலுக்கும் போய்ச் சேர்ந்தன.

ஒரு துணைச் செய்தி: இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மென்பொருளைப் பயன்படுத்த மட்டும் கற்றுத்தந்த பாடத்தை மாற்றி, கணினி அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல் என்ற அமைப்பின் வழியாக அவர் பாடுபட்டார். 2014 செப்டம்பரில் அங்கே புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதைவிட இது பெரிது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியன் அப்படித்தான் நினைப்பான்.

பேட்டை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வேலையில் சேர்வது என்று முடிவு செய்திருக்கிறேன். கேட் தேர்வையும் எழுதுவேன். புராஜெக்ட் குறித்து ஒரு யோசனை: கணக்கர் ஐயா சொன்ன நெல் கொள்முதல் விதிகளை எழுதுவதற்கு ஒரு குட்டி மொழியை வகுத்து, அதற்கு ஹாஸ்கலில் இன்டர்பிரெட்டர் எழுதினால் என்ன? வழிகாட்டும் பேராசிரியருக்கு ஊரில் ஒருவர் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் வேண்டும். எனக்கு இன்டர்பிரெட்டர் வேண்டும். எதைக் கொண்டு சோதிப்பது என்பதில்தான் தெளிவில்லை.

கடையநல்லூர்_பெங்களூரு எழுதியது:

நல்ல யோசனை, தங்கச்சி. சோதனைக்குக் குவிக்செக் இருக்கிறது. கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000இல் ஹாஸ்கலுக்காக வெளியிட்டது. இன்று பைத்தான் உட்படப் பல மொழிகளில் அதன் வாரிசுகள் உண்டு. இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை என்று ஒவ்வொன்றாக எழுதாமல், எந்த உள்ளீட்டுக்கும் பொய்க்கக் கூடாத பண்புகளை நீ எழுதுவாய். அது தானாக நூற்றுக்கணக்கான உள்ளீடுகளை உண்டாக்கிப் பார்த்து, பொய்க்கும் ஒன்று சிக்கினால் அதைச் சுருக்கிச் சுருக்கி மிகச் சிறிய உதாரணமாக உன் முன் வைக்கும்.

உன் விதிக்கு நான் யோசித்த பண்புகள்: நிகர எடை ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது. வரம்புக்குள் இருக்கும் நெல்லுக்குக் கழிவே இருக்கக் கூடாது. ஈரம் கூடினால் நிகர எடை கூடக் கூடாது. ஒரே ஈரமுள்ள ஒரு லோடை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே பணம் கணக்கிட்டாலும், சேர்த்துக் கணக்கிட்டாலும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசிப் பண்பு நிச்சயம் பொய்க்கும். இரண்டு பாகங்களுக்கும் தலா 1,00,000 ரூபாய் 40 காசு வந்தால், தனித்தனியே முழு ரூபாயாக்கிக் கூட்டினால் 2,00,000. கூட்டிய பிறகு முழு ரூபாயாக்கினால் 2,00,001. குவிக்செக் இதைக் கண்டுபிடித்துத் தரும், எது சரி என்று சொல்லாது. அதைக் கணக்கரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜங்ஷன்_காரன் எழுதியது:

இந்தப் புராஜெக்டோடு ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தால் நான் ஹாஸ்கலைப் பற்றிக் கேட்க மாட்டேன்; அந்த ஒரு ரூபாயைப் பற்றிக் கேட்பேன். எஸ்கியூஎல்லையும் மறக்காமல் படித்துவிடம்மா.

அம்பை_கணக்கர் எழுதியது:

ஒவ்வொரு லோடுக்கும் சிட்டை போடும்போதே முழு ரூபாயாக்கிவிடுவோம். ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய். பருவ முடிவில் விவசாயிக்குக் கொடுப்பது சிட்டைகளின் கூட்டுத்தொகைதான், மறுபடி கணக்கிடுவதில்லை. ஆகவே 2,00,000தான் சரி. ஆனால் கமிஷன் ஏஜெண்டுக்கு உரிய தொகையைச் சிட்டைவாரியாகப் போடாமல் மொத்த எடையின் மேல் கணக்கிட்டுக் கடைசியில் ஒரே முறைதான் ரூபாயாக்குவோம். இரண்டுக்கும் இரண்டு விதி வேண்டும்.

இன்னொன்று: லாம்டா மைக்ரோசாஃப்ட் 365இலும் எக்செல் 2024இலும்தான் உண்டு, பல ஆலைகளில் இன்னும் 2016 ஓடுகிறது. இன்டர்பிரெட்டர் தருகிற விடையைப் பழைய எக்செலில் திறக்கும்படி வெறும் மதிப்புகளாகக் கொடுத்துவிட்டால் போதும். பிசானம் அறுவடைக்கு முன்னால் முடிந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் போன பருவத்துச் சிட்டைகளின் எடை, ஈரம், தொகை மூன்றையும் சோதனைக்கு அனுப்புகிறேன்.